நாடறிந்த தொப்பை

"இந்த நாட்டிலேயே டிவில அதிக தடவை வந்த ஆள் யாருன்னு நினைக்கிறீங்க? மந்திரியா? நடிகரா? எல்லாரும் எனக்கு அப்புறம்தான். காலைல ஒரு தடவை வருவேன், மத்தியானம் ஒரு தடவை வருவேன், ராத்திரி நீங்க சாப்பிட உட்கார்ற நேரமாப் பார்த்து ரெண்டு தடவை வருவேன். என்னைப் பார்த்து முகம் சுளிக்காத குடும்பம் எந்த ஊர்லயும் கிடையாது!"

கட்டிடத்தின் தரைத்தளத்தில், லிஃப்ட் கதவுக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முழுசாகவும் பக்கத்து நாற்காலியைப் பாதியாகவும் நிரப்பிக்கொண்டு லிஃப்ட்காரர் இப்படி முழங்கியபோது, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மாடிப்படிக்கு அடியில் தூங்கிய பூனை எழுந்து வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். முப்பத்தைந்து வருஷம் ஊரில் இருக்கிற லிஃப்டுகளையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிட்டு, ஓய்வு பெற்று, இதே கட்டிடத்தின் ஏழாவது மாடியில் மனைவியோடு இருக்கிறார். சாயங்காலம் கீழே இறங்கி நாலு பேரோடு வாயடிப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த சுகம்.

"எங்க கண்ணுல மட்டும் படாம எப்படி அத்தான் தப்பிச்சீங்க?" என்றார் மச்சான்.

மச்சான் என்பவர் லிஃப்ட்காரரின் மனைவிக்குத் தம்பி. மூன்றாவது மாடி. குடியிருப்போர் சங்கச் செயலாளர். உடம்பு ஈர்க்குச்சி, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் மேஜையைப் பிடித்துக்கொள்வார். பிறக்கிற நேரத்தில் யாரோ காதில் கெட்ட செய்தி சொல்லி அனுப்பியது போல் ஒரு முகம். டிவியில் சொன்னால்தான் அவருக்கு எதுவும் நிஜம். வெளியே மழை கொட்டினால் ஜன்னலைத் திறந்து பார்க்க மாட்டார். டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். டிவியில் வெயில் என்றால் நனைந்துகொண்டே போவார்.

"என் தலையைப் பார்த்திருக்க மாட்டே மாப்ள. கழுத்துக்குக் கீழதான் காட்டுவாங்க. நீலக்கட்டம் போட்ட சட்டை, கையில ஒரு பை, ஒரு தொப்பை மட்டும் பஸ் ஸ்டாப் பக்கமா ஆடி அசைஞ்சு போகுமே? அது நான்."

இந்த முறை யாரும் உடனே சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தொப்பையைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. உடல் பருமன் என்று செய்தி வந்தால் அந்தத் தொப்பை. சர்க்கரை வியாதி என்றால் அது. மாரடைப்பு, சோம்பேறித்தனம், குறட்டை, பஸ்ஸில் இடநெருக்கடி, எல்லாவற்றுக்கும் அதுவே. விலைவாசி ஏறினால் இவன் தின்றுதான் ஏறியது என்பது போல அதைக் காட்டினார்கள். ஒருமுறை எங்கோ நிலம் சரிந்த செய்திக்குக்கூட அது வந்து போனதாகச் சொல்வார்கள்.

"போங்க அத்தான்," என்றார் மச்சான். குரலில் கோபமே வந்துவிட்டது. "அந்தத் தொப்பையைப் பன்னிரண்டு வருஷமாப் பார்த்துக்கிட்டு வர்றேன். அது எங்க, உங்களுது எங்க? அது நாட்டையே நடுங்க வைக்கிற தொப்பை. உங்களுது ஏதோ வீட்டுக்குள்ள வளர்ந்த தொப்பை."

லிஃப்ட்காரருக்கு நிஜமாகவே வலித்தது. "நிரூபிச்சா?"

"நிரூபிச்சா இந்தக் கட்டையை என் கையாலயே கழட்டிடறேன். போதுமா?"

கட்டை என்றாரே, அதுதான் விஷயம். டிவியில் ஓர் உடம்பு நிபுணர் உண்டு. வெள்ளைக் கோட்டு; கையில் எந்நேரமும் ஒரு ரப்பர் இதயம். அதை அமுக்கி அமுக்கியே பேசுவார். போன மாதம் அவர், "லிஃப்ட் என்பது நின்றுகொண்டே போகிற சவப்பெட்டி" என்று திருவாய் மலர்ந்தார். மறுநாளே மச்சான் சங்கத்தைக் கூட்டினார். குண்டானவர்களின் நன்மைக்காக அவர்களை இனி லிஃப்டில் ஏற்றுவதில்லை, படியேற வைப்பது என்று தீர்மானம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. கை தூக்காதவர்தான் குண்டு என்று பக்கத்து வீட்டில் நினைத்துவிட்டால்? தன் வயிற்றின் மேல் டம்ளரை வைத்து டீ குடிக்கிற மொட்டைமாடிக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

தச்சரைக் கூப்பிட்டு, தரைத்தள லிஃப்ட் கதவுக்கு முன்னால் இரண்டு மரக்கட்டைகளைத் திருகாணி போட்டு நிறுத்தினார்கள். மச்சானின் இடுப்பை அளவெடுத்து, பெருந்தன்மையாக இன்னும் ஒரு சாண் சேர்த்து, நடுவில் இடைவெளி. அதற்குள் நுழைய முடிந்தவர் லிஃப்டில் போகலாம். முடியாதவருக்குப் படி. வருகிற திங்கட்கிழமையிலிருந்து அமல். ஒத்திகைக்காக எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்து ஒவ்வொருவராக நுழைந்து பார்த்தார்கள். அந்தப் பக்கம் போனதும் மூச்சை விட்ட சத்தம், டயர் பஞ்சர் ஆனது போலக் கேட்டது. லிஃப்ட்காரருக்கு மட்டும் நேராக நுழைந்தாலும் தொப்பை இடித்து நிற்கும், பக்கவாட்டில் திரும்பினாலும் நிற்கும்.

முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் குழிகளில் மண்டி போட்டுத் தேய்ந்த முழங்கால் அவருக்கு. ஏழு மாடி ஏறினால் எட்டாவது மாடி சொர்க்கம்தான். ஆகையால் கீழேயே இறங்காமல் இருக்க வேண்டும். ஜன்னல், சுவர், டிவி, ஆயுள் தண்டனை. டாக்டர் சீட்டைக் காட்டினார், யாரும் பார்க்கவில்லை. வேட்டியைத் தூக்கி முழங்காலையே காட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. இந்த ஜனங்களுக்கு வலி தெரியாது, வயசு தெரியாது, நியாயம் தெரியாது. டிவி ஒன்றுதான் தெரியும். டிவியில் வந்தவனை எந்தக் கதவும் தடுக்காது. எனவேதான் பன்னிரண்டு வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததை வெளியே எடுத்துவிட்டார்.

பொத்தி வைத்ததற்கும் காரணம் இருந்தது. அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் கேமராவைக் கண்டதும் அவர் தலையை வாரிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்து காட்டினார். சாயங்காலம் டிவி முன்னால் மனைவியை உட்கார வைத்து, "ஒரு அதிசயம் பாரு" என்று காத்திருந்தார். கொலை நடந்த வீட்டுக்குப் போடுகிற இசையைப் போட்டு, கழுத்தில்லாமல் ஒரு தொப்பை வந்தது. வாரிய தலையும் சிரித்த சிரிப்பும் வீண். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "சீ, கருமம்! இதைக் கட்டிக்கிட்டவ என்ன பாவம் பண்ணினாளோ! அவளும் ஒரு சோம்பேறிதான். பட்டன் ஒரே கலர்ல தைக்கக்கூட உடம்பு வணங்காதவ," என்றாள். லிஃப்ட்காரர் திறந்த வாயில் ஒரு கொட்டாவியைப் போட்டு மூடிவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தொப்பை வரும்போதெல்லாம் மனைவி அதன் மனைவியைத் திட்டுவாள். இவர் தட்டிலிருந்து தலை நிமிராமல் சாப்பிடுவார்.

இப்போது வேறு வழியில்லை. மச்சானிடம் சவால் விட்டு மேலே வந்தவர், டிவியில் தொப்பை வரும்வரை காத்திருந்தார். அதிக நேரம் ஆகவில்லை. அன்றைக்கு ஏதோ தூக்கமின்மை பற்றி.

"அந்த நாலாவது பட்டனைக் கொஞ்சம் பாரேன்," என்றார்.

"பன்னிரண்டு வருஷமாப் பார்க்கிறேன். சட்டைக்குக் கோட்டுப் பட்டனை, அதுவும் சிவப்பு நூல்ல..." மனைவி பாதியில் நிறுத்தினாள். எழுந்து போய்ப் பெட்டியில் மூக்கு படும் தூரத்தில் நின்றாள். பழுப்பு நிறத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பட்டன். குறுக்கே சிவப்பு நூல், ஒரு சுற்று கூடுதலாக. "அன்னிக்கு... பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீங்கதானே குதிச்சீங்க..."

"நான்தான் குதிச்சேன். நீதான் தச்சே."

அவள் டிவியை அணைத்தாள். அந்த வீட்டில் செய்தி நடுவில் டிவி அணைந்தது அதுவே முதல் தடவை. திரையைத் துடைக்க எப்போதும் பக்கத்தில் கிடக்கும் துணியைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள். நீலக்கட்டம். அந்தச் சட்டை பல வருஷமாகத் தன் படத்தின் மேல் தானே தூசி தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு வார்த்தை தம்பிகிட்டச் சொன்னாப் போதும். கட்டையை எடுத்திடுவான்," என்று லிஃப்ட்காரர் கெஞ்சினார்.

"என் தையலை ஊரு உலகமே பார்த்துச் சிரிச்சிருக்கு, இதுல நான் வேற போய் ஒத்துக்கணுமா? மூச்சு விட்டீங்க, அப்புறம் கழுத்துக்கு மேலயும் இருக்காது!" என்றாள் மனைவி. சாட்சி அத்தோடு காலி.

இதற்கிடையில் மச்சான் சும்மா இருக்கவில்லை. அத்தானின் புளுகை நாடறிய உடைப்பதற்காக டிவிக்காரர்களுக்கே போன் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு வேன் வந்தது. மைக் பிடித்த பெண் ஒருத்தி, கேமராக்காரர் ஒருவர், ஒயரைச் சுமக்க ஒருவர். வந்ததும் அந்தப் பெண் கேட்டாள், "சார், அந்தத் தொப்பை நீங்கதானா?"

"ஆமாம்மா."

"சரி சார்."

விசாரணை அவ்வளவுதான். பால் பாக்கெட் போடுகிறவர்கூட வீட்டு நம்பரை இரண்டு தடவை கேட்பார்.

பழைய படம் போலவே பை ஒன்றைக் கொடுத்து லிஃப்ட்காரரை நடக்க விட்டார்கள். நடந்தார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த தொப்பை அல்லவா! கப்பல் கரையேறுவது போல அப்படி ஒரு நடை. பிறகு முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினார்கள். லிஃப்ட்காரர் சிரித்தார். அந்தப் பெண்ணின் முகம் வாடியது.

"சார், நீங்க சந்தோஷமா இருக்கீங்களே!"

"ஏம்மா, இருக்கக்கூடாதா?"

"குண்டா இருக்கிறவங்க சந்தோஷமா இருந்தா நேயர்களுக்குப் பிடிக்காது சார். கொஞ்சம் வருத்தப்படுங்களேன்."

வருத்தப்பட்டுப் பார்த்தார். அவரை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நிபுணர் இவர் தொப்பையைக் காட்டி 'இந்த மனிதர் இரண்டு வருஷம் தாங்கமாட்டார்' என்று ரப்பர் இதயத்தை அமுக்கியது ஞாபகம் வந்ததும் இன்னும் பெரிதாக வந்தது. தொப்பை குலுங்கி, கேமராவே குலுங்கியது. பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே, தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் அப்பி, சங்கத்தின் சார்பில் நாலு வார்த்தை பேசத் தயாராக மச்சான் நின்றுகொண்டிருந்தார். அந்த முகம்! கவலையே குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கும் முகம்!

"சார், நீங்க பேசறீங்களா?"

மச்சான் பேசினார். மழை பிடித்துக்கொண்டது போல் பேசினார். "வெட்கமா இருக்குங்க. இப்படி ஒரு உடம்பை வச்சுக்கிட்டு எப்படி வெளியில வர்றது? வாயைக் கட்டத் தெரியல. இனிமே லிஃப்ட் கிடையாது, படிதான். சத்தியமா!" கடைசியில் நாட்டின் ஆரோக்கியத்தை நினைத்து அவருக்குத் தொண்டை அடைத்தது. கேமராக்காரர் மிகுந்த திருப்தியோடு கிட்டே போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வீட்டில் கட்டிடமே கூடியது. லிஃப்ட்காரரும் மனைவியும்கூட வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். கொலை இசை. ரப்பர் இதயம். பழைய தொப்பை நடந்து வந்தது, பக்கத்தில் புதுத் தொப்பை நடந்து வந்தது. அண்ணன் தம்பி போல. அப்புறம் கேமரா மெல்ல மேலே ஏறியது. வயிறு, மார்பு, ஒரு மின்னல் வெட்டு, மச்சானின் தலை. கீழே கொட்டை எழுத்தில்: 'பன்னிரண்டு ஆண்டு மௌனம் கலைத்த தொப்பை மனிதர்!' தலை பேசியது. "வெட்கமா இருக்குங்க. இப்படி ஒரு உடம்பை வச்சுக்கிட்டு எப்படி வெளியில வர்றது?" தொண்டை அடைத்த இடத்தில் ஒரு சோகக் குழலைச் சேர்த்திருந்தார்கள். "பாருங்கள், முகத்திலேயே தெரிகிறது," என்றார் நிபுணர், "அதிக நாள் இல்லை."

எல்லோரும் திரும்பி மச்சானைப் பார்த்தார்கள். ஈர்க்குச்சி மேல் சட்டை தொங்கியது. லிஃப்ட்காரர், 'இப்போதாவது இவர்களுக்கு டிவியின் லட்சணம் தெரியும்' என்று எதிர்பார்த்தார். நம்ப மாட்டீர்கள், அத்தனை கண்களும் அந்தச் சட்டையை அப்படியும் இப்படியும் பார்த்தன. கடைசியில் மொட்டைமாடிக்காரர் இழுத்தார், "உட்காரும்போது கொஞ்சம் தெரியத்தான் செய்யுது."

"ஆமா, இவ்வளவு நாளா எப்படித்தான் மறைச்சாரோ!"

"தொளதொள சட்டையா போடுவார், கவனிச்சிருக்கீங்களா?"

"நான் இல்லைங்க அது!" என்று மச்சான் எழுந்தார். "பாருங்க, என்னைப் பாருங்க!"

"விடுங்க சார், வெளிப்படையா ஒத்துக்கிட்டதே பெரிய மனசு," என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

அன்றிரவு மச்சானின் மனைவி அவருக்கு இரண்டாவது தடவை சோறு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டு, "உடம்பைப் பார்த்துக்கப்பா" என்று அழுதார்கள். ஆளைத் தினமும் பார்க்கிற பெரியப்பா மகன்கூட அழுதான். மச்சானே கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி. டிவி சொல்லிவிட்டதே, அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

திங்கட்கிழமை வந்தது. லிஃப்ட்காரர் மனைவியோடு காலையிலேயே லிஃப்டில் கீழே இறங்கிவிட்டார். இறங்குவதற்குத் தடையில்லை, கட்டை கீழேதானே இருக்கிறது. திரும்ப ஏறுவதற்குத்தான் வழியில்லை. எது வந்தாலும் வரட்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ராத்திரிக்கு இங்கேயே பாயைப் போட்டுக்கலாம்," என்று மனைவியிடம் சொன்னார். குரலில்தான் சிரிப்பு, கை என்னவோ முழங்காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மச்சான் தண்ணீர் கேன் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, கேன் எது ஆள் எது என்று தெரியாதபடி தள்ளாடி வந்தார். கட்டைகளுக்கு நடுவே நுழைந்தார். இரண்டு பக்கமும் அரைச் சாண் இடம் மிச்சமிருந்தது.

"சார், நில்லுங்க," என்றார் கட்டைக்குப் பக்கத்தில் நின்ற கட்டிடக் காவல்காரர். "நீங்க படியில போகணும்."

"யோவ், உள்ளேதான் நுழைஞ்சிட்டேனே!"

"நுழையறது வேற சார். டிவில வந்தது வேற. இனிமே படிதான்னு சத்தியம் பண்ணினதை என் பொண்டாட்டி பிள்ளை எல்லாரும் பார்த்தோம்."

லிஃப்டுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். "உங்க நல்லதுக்குத்தான் சார்." "நிபுணரே அதிக நாள் இல்லைன்னுட்டாரு." மொட்டைமாடிக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தபடியே கட்டைக்குள் நுழைந்து, பேச முடியாமல், கண்ணாலேயே படியைக் காட்டினார்.

மச்சான் கேனைக் கீழே வைத்தார். ஏறக்குறைய அழுதேவிட்டார். "அக்கா, நீயாவது சொல்லேன்!"

"எனக்கென்ன தெரியும் தம்பி? டிவில சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நீதானே சொல்லுவே?"

"அக்கா!"

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அந்தத் தூசித் துணியிலிருந்து கத்தரித்து வைத்திருந்த எதையோ கைப்பையின் அடியிலிருந்து எடுத்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தாள். பழுப்பு நிறத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பட்டன். துளைகளில் சிவப்பு நூல் இன்னும் அப்படியே இருந்தது, ஒரு சுற்று கூடுதலாக.

"தையலைப் பத்தி எவனாவது பேசினா நடக்கிறதே வேற," என்றாள்.

மச்சான் அந்தப் பட்டனைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் திரையில் மட்டுமே பார்த்த நடிகரை வாசலில் கண்டவன் போல அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பட்டனைப் பார்த்தார், அத்தானின் தொப்பையைப் பார்த்தார், மறுபடி பட்டனைப் பார்த்தார்.

"அத்தான்... நிஜமாவே..."

"காதுல விழல மாப்ள. முதல்ல வாக்குக் கொடுத்த வேலை நடக்கட்டும்," என்று லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருந்தார்.

செயலாளர் மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கட்டைகளையும் தன் கையாலேயே கழற்றினார். லிஃப்ட்காரர் எழுந்து, கப்பல் கரையேறும் அதே நடையில், மனைவியைக் கூட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் போய் நின்றார். மச்சான் கேனோடு பின்னாலேயே ஓடினார். காவல்காரர் காலை நீட்டிக் கதவைத் தடுத்தார்.

"எல்லாம் சரி சார். ஆனா டிவில காட்டினது?"

லிஃப்ட்காரர் மேலே தெரிந்த மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் காத்திருந்தது. மச்சானின் தோளில் கேன் கனத்தது.

"டிவி பொய்யய்யா! காட்டினது பொய்!" என்று மச்சான் கட்டிடம் அதிரக் கத்தினார். "அது எங்க அத்தான் தொப்பைதான்! பன்னிரண்டு வருஷமா தினமும் வந்துக்கிட்டிருக்கிறது இவர்தான்! என் தலைமேல சத்தியம்!"